தலைகீழ் ஃபாரம்

முதலில் சரிந்தது நாவல். அடுத்தது கடைக்காரர். விழுகிறவன் எதையாவது பிடிக்க வேண்டுமே என்று அவர் கையை நீட்டியபோது அகப்பட்டது விமர்சன நூல்கள் அடுக்கிய அலமாரி. அதுவும் மறுக்காமல் கூடவே வந்தது.

பின்னறையில் ஏணி இருந்தது. அதைத் தூக்கிவரச் சோம்பல்பட்டு, விற்காமல் கட்டுக்கட்டாக மிஞ்சிப்போன தன் சொந்த நாவல் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று, 'நம் சேகரிப்பாளருக்குப் பாராட்டு' என்ற துணியைக் கட்டப் போனார். பொதிகளின் பிளாஸ்டிக் உறை வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அந்தப் பொதிகளை மூலைக்கு மூலை மாற்றி வைத்ததைத் தவிர வேறென்ன வேலை பார்த்தார்!

"அப்பா! உயிரோட இருக்கியா?" என்று மகள் ஓடி வந்தாள்.

"விமர்சனம் விழுந்து எந்த எழுத்தாளன்டி செத்திருக்கான்? காலை மட்டும் உருவி விடு."

"ஏணின்னு ஒண்ணு எதுக்குப்பா வாங்கி வெச்சிருக்கே?"

"விற்கத்தான்" என்றார் கடைக்காரர், தடித்த கோட்பாட்டு நூல் ஒன்றை வயிற்றிலிருந்து தள்ளியபடி.

கணுக்கால் பந்து போல வீங்கியது. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்து, காலை உயர்த்தி வைக்க மகள் எதையோ தேடினாள். கிடைத்தது அதே நாவல் பொதிதான். "இந்த நாவல் எதையும் தாங்கவில்லை" என்று எழுதிய பாவி வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். பாவி இன்று வரத்தான் போகிறான். அதற்குத்தானே இத்தனை ஏற்பாடும்.

இத்தனை வாரம் கூடவே வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இப்போதுதான் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறவர்களுக்காக நாலு வரி.

சலவைக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தால் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய அளவில் ஒரு புத்தகக் கடை நடத்துகிறவர் நம் கடைக்காரர். பல வருடங்களுக்கு முன் ஒரு நாவல் எழுதினார். அதன் தலைப்பை இங்கே சொல்லப்போவதில்லை. மனுஷன் பட்டது போதும். அந்த நாவலுக்கு வந்தது ஒரே ஒரு மதிப்புரை. சிற்றிதழ் ஒன்றில் அரைப் பக்கம். எழுதியவர் பெயர், 'கடைசி பெஞ்சு.'

"இந்நூலில் ஒரு ஃபாரம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்த அந்தப் பக்கங்களில் மட்டும்தான் எனக்குத் தூக்கம் கலைந்தது."

அவ்வளவுதான், ஊர் சிரித்தது. நாவலை வாங்கலாமா என்று யோசித்தவர்கள் கூட யோசனையை நிறுத்திக்கொண்டார்கள். கடைக்கு வருகிற நண்பர்கள் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் முன்னால் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அவர் அன்றோடு எழுதுவதை விட்டுவிட்டார். அப்படித்தான் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஃபாரம் என்றால் பெரிய விஷயமில்லை. அச்சடித்த பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்த மடிப்பு. அந்த மடிப்புகளை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். பைண்டிங்காரர் மாதிரிக்காக முதலில் தைத்துக் கொண்டுவந்த இரண்டே இரண்டு பிரதிகளில்தான் அந்தத் தவறு இருந்தது. மற்றதெல்லாம் சரியாகத் தைத்து வந்தவை. அந்த இரண்டில் ஒன்றைக் கடைக்காரர் கோபத்தில் பழைய பேப்பர் சாக்கில் வீசினார். இன்னொன்றை, "பிழை உள்ள பிரதி கிடைக்கிறது அபூர்வம் மாப்ள, எனக்குக் குடுத்துடு" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டவர், மனைவியின் அண்ணன். மச்சான்.

அன்று ஆத்திரத்தில் இந்தக் கணக்கு தோன்றவில்லை. போன வாரம் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய இதழ்க் கட்டுக்குள் அந்த மதிப்புரை மறுபடி கண்ணில் பட்டபோதுதான் பொறி தட்டியது. தலைகீழ் ஃபாரத்தைப் பார்த்த ஒருவன்தான் அதை எழுதியிருக்க முடியும். குப்பைக்குப் போன பிரதி எழுதாது. அப்படியானால் மிச்சம் யார்?

மச்சான்!

டைல்ஸ் வியாபாரி. நண்பர்கள் வட்டத்தில் அவருக்குப் பெயர் 'முதல் பதிப்பு.' முதல் பதிப்பு அல்லாத எதையும் தொட மாட்டார். வாங்கிய புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தடிமனான கண்ணாடிக் கவரில் போட்டு, சூடு வைக்கிற இயந்திரத்தால் காற்றுப் புகாமல் ஒட்டி, அலமாரியில் நிறுத்திவிடுவார். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் தன் நாவலை மட்டும் பிரித்துப் படித்து, மட்டமாக எழுதி, வருடக்கணக்காக எதிரில் உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பழிக்குக் கடைக்காரர் கண்டுபிடித்த வழி, பாராட்டு விழா.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மச்சானுக்கு மரியாதை. அவருடைய புத்தகங்களை மேஜையில் பரப்பி வைப்பது. வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து, "இதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்பது. அத்தனை பேர் முன்னால் அவர் திருதிருவென்று முழிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கடைக்காரர் தன் இரண்டாவது நாவலை அறிவிப்பார். ஆமாம், இரண்டாவது. கல்லா மேஜையின் கீழ் டிராயரில், பொட்டலத் தாளுக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் எழுதி முடித்த கையெழுத்துப் பிரதி. அதன் வில்லன் ஒரு மார்பிள் வியாபாரி. டைல்ஸிலிருந்து அவ்வளவு தூரம்தான் கற்பனை போயிற்று.

மனைவி துண்டில் ஐஸ் சுற்றிக்கொண்டு வந்தாள். பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறவள்; ஒரு பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எங்கே கால் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது புருஷன் காலைப் பார்த்தாள்.

"இந்தக் கூத்து தேவையா?"

"பாராட்டுறது கூத்தா?"

"நீங்க பாராட்டுற முகமா இது? கண்ணாடியில பாருங்க."

"சரி, ஒண்ணு கேக்குறேன். நேரா பதில் சொல்லு. உங்க அண்ணன் என் நாவலைப் படிச்சாரா?"

"அண்ணா எதைப் படிச்சிருக்கு?"

"அது பதில் இல்ல."

"ஐஸை அழுத்திப் பிடிங்க."

"அதுவும் பதில் இல்ல."

"விட்டுடுங்கன்னு சொல்றேன். ஏதோ ஒரு காலத்துல எவரோ எழுதினாங்க. இப்ப கிளறி என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு, சரிந்து கிடந்த விமர்சன நூல்களை அடுக்கப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கடைக்காரர் நினைத்தார்: கூடப் பிறந்த பாசம்!

மகளிடம் கேட்டார். "என்னை இழுக்காதேப்பா, நான் கல்லாவைப் பாத்துக்கிறேன்" என்றாள். கல்லாவில் அன்று யாருமே எதுவும் வாங்கியிருக்கவில்லை.

மதியத்துக்கு மேல், அந்த மதிப்புரையை வெளியிட்ட சிற்றிதழின் ஆசிரியர் வந்தார். எந்தக் கேள்வியையும் எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். தோளில் எப்போதும் தொங்குகிற துணிப்பையை இன்று ஏனோ மடியிலேயே வைத்திருந்தார்.

"கடைசி பெஞ்சு யாருன்னு இன்னிக்காவது சொல்லுங்க சார்."

"பெஞ்சுக்கு ஏதுங்க பேரு?"

"சார், நான் கண்டுபிடிச்சாச்சு. நீங்க தலையை ஆட்டினா போதும்."

"ஆட்டலாம். ஆட்டினா அப்புறம் இந்த வீட்டுல எனக்குக் காபி கிடைக்காது." கடைக்குப் பின்பக்கம் வீடு. அங்கிருந்து வந்த டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். "நல்ல காபி. அடுத்த இதழ்ல கூட ஒரு நல்ல கட்டுரை இருக்கு."

"யாரோடது?"

"சர்க்கரை ஒரு கரண்டி கம்மி."

இந்த ஆள் பிறந்தபோது ஆணா பெண்ணா என்று கேட்டதற்குக்கூட அவர் அம்மா "குழந்தை" என்றுதான் பதில் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது கடைக்காரருக்கு.

வட்டம் கூட ஆரம்பித்தது. அந்தச் சின்னக் கடையில் எங்கிருந்துதான் இடம் முளைக்குமோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முளைக்கும். உட்கார நாற்காலி கிடையாது; நாவல் பொதிகள் உண்டு. சமையல் புத்தகங்களாகச் சேர்க்கும் பல் டாக்டர் ஒரு பொதியில் உட்கார்ந்தார். அவருக்கு வெந்நீர் போடத் தெரியாது. யாரோ யாருக்கோ 'அன்புடன்' என்று எழுதிக் கொடுத்து, வாங்கியவர்கள் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்ட புத்தகங்களை மட்டும் தேடித் தேடி வாங்கும் பஸ் டிரைவர் அடுத்த பொதியில். "நேத்து ஒண்ணு கிடைச்சுது பாருங்க, 'உயிர் உள்ளவரை'ன்னு எழுதியிருக்கான். மூணாம் பக்கத்தைக்கூடப் புரட்டல அந்தம்மா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஒருத்தர் புத்தகத்தை எடுத்ததும் முதுகைத் தடவிப் பார்ப்பார். ஒருத்தர் நடுவில் பிரித்து மூக்கை நுழைப்பார். ஒருத்தி விலையைப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டு, ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பதறி வந்து பார்ப்பாள். கடைக்காரருக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எந்தக் கவலையும் கரையும். இன்று கரைய விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மச்சான் வந்தார்.

புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. தள்ளுவண்டியில் பெட்டிகள். டைல்ஸ் அனுப்பும் அட்டைப்பெட்டி, 'கவனம், உடையும்' என்று போட்டது. கையில் கூட்டத்துக்கு பிஸ்கட், கடைக்காரருக்குக் களிம்பு.

"விழுந்துட்டியாமே மாப்ள? பாப்பா போன்ல சொல்லுச்சு. எனக்காகத் துணி கட்டப் போயா விழுந்தே?" பிஸ்கட்டை மேஜையில் வைத்தார். "ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. என்னை யாரு பாராட்டியிருக்கா? டைல்ஸ்காரனைப் பாராட்டுவாங்களா? வழுக்கினா திட்டுவாங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து, தானே களிம்பைத் திறந்து, கணுக்காலில் மெல்லத் தடவினார். பழிவாங்கக் கிளம்பியவனுக்கு இளகிய மனசு இருக்கக்கூடாது. இருந்தால் கண்ணையாவது மூடிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் மூடிக்கொண்டார். களிம்பு வேறு சுகமாக இருந்தது.

மேஜையில் புத்தகங்கள் பரவின. கவருக்குள் ஒவ்வொன்றும் கண்ணாடித் தொட்டி மீன் போல மினுங்கியது. கடைக்காரர் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

"நண்பர்களே, நம்ம மச்சான்கிட்ட இருக்கிற மாதிரி முதல் பதிப்பு இந்த ஊர்ல யார்கிட்டயும் கிடையாது. இன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு எடுங்க. அதுல அவருக்குப் பிடிச்ச இடம் எதுன்னு அவர் வாயால கேப்போம்."

பல் டாக்டர் கள்ளம் தெரியாத மனுஷர். முதலில் கிடைத்ததை எடுத்து நீட்டினார். "இதுல?"

மச்சான் அட்டையைப் பார்த்தார். "தெரியலீங்க."

சரி, மறந்திருக்கும் என்று டிரைவர் இன்னொன்றை எடுத்தார். "இதுல?"

"தெரியலீங்க."

மூன்றாவது கையும் நீண்டது. அதற்கும் அதே பதில். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ஒரு பொதியிலிருந்து அடுத்த பொதிக்குத் தாவியது. மனைவி, அலமாரியோரம் கையில் புத்தகத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மச்சான், ஒண்ணே ஒண்ணாவது சொல்லுங்க" என்றார் கடைக்காரர், தேன் ஒழுக. "படிக்காமலா சேத்தீங்க?"

மச்சான் அவரை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைத் திறந்ததும் உள்ளே உடைந்த டைல்ஸ் இருந்தால் ஒரு வியாபாரி பார்ப்பாரே, அந்தப் பார்வை. எதற்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சதில்ல மாப்ள" என்றார். "இதுல ஒண்ணையும் படிச்சதில்ல. ரெண்டு பக்கம் தாண்டினா எனக்குக் கண்ணு சொருகிடும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

சிரிப்பு நின்றது.

"ஆனா இந்தக் கடைக்கு வந்து, புதுசா ஒண்ணைக் கையில எடுத்தா, என்னமோ யாரோ எனக்குன்னே குடுத்த மாதிரி இருக்கும். அழுக்குப் படக்கூடாதுன்னு கவர் போடுறேன். இந்த ரூம்ல எழுதுறவங்க எத்தனை பேரு? கையைத் தூக்குங்க."

ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. ஆசிரியர் இரண்டு கையையும் தூக்கினார்.

"போன மாசம் காசு குடுத்து ஒரு புதுப் புத்தகம் வாங்கினவங்க?"

ஒவ்வொரு கையாக இறங்கியது. விலையைப் பார்த்துவிட்டுச் சுற்றி வருகிறவள் மட்டும் பாதி தூக்கி, யோசித்து, இறக்கினாள்.

"எழுதுற பக்கம் ஒரே நெரிசல். நான் வாங்குற பக்கம் நிக்கிறேன். காத்தோட்டமா இருக்கு."

டிரைவர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் கடை அதிர்ந்தது. பழிவாங்கும் படலம் நிஜப் பாராட்டு விழாவாக மாறுவதை, ஒரு காலை உயரத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுந்து போகக்கூட வழியில்லை.

"ஒண்ணை மட்டும் நான் மேஜையில வைக்கல" என்று மச்சான் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "இது வீட்ல கட்டிலுக்கு நேரா இருக்கும். மாப்ளையோட நாவல். தலைகீழ் ஃபாரம் வெச்ச பிரதி. ஊர்லயே என்கிட்ட மட்டும்தான்!"

இதோ, தடயம்! எதிராளி தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறான்! கடைக்காரர் நாற்காலியிலிருந்து எம்பி அதைப் பிடுங்கினார். "இதையும் படிக்கலைன்னு சொல்லுவீங்களா மச்சான்? பிரிக்கவே இல்லையா?" என்று கூட்டத்துக்குக் காட்டுவதற்காகக் கவரைத் திருப்பினார்.

திருப்பிய கை அந்தரத்தில் நின்றது.

கவரின் வாய் ஒட்டிய இடத்தில் ஒரு வெள்ளை லேபிள். லேபிளிலிருந்து கவருக்கு வழிந்து குறுக்கே ஓடும் பச்சை மார்க்கர் கையெழுத்து. வால் நீண்டு, அடியில் இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் வைப்பார்.

அவரே.

வெளியீட்டு விழா அன்று அந்தப் பிரதியை வாங்கிய கையோடு, கொண்டுவந்திருந்த சூடு வைக்கிற இயந்திரத்தை மச்சான் கடை பிளக்கில் சொருகி, எல்லோர் முன்னாலும் ஒட்டி, "மேலேயே கையெழுத்துப் போடு மாப்ள" என்று நீட்டியிருக்கிறார். அன்றைக்கு இருந்த மிதப்பில் மளிகை பில்லை நீட்டியிருந்தாலும் கடைக்காரர் 'அன்புடன்' என்று போட்டிருப்பார். லேபிள் ஓரம்கூடத் தூக்கவில்லை. பச்சைக் கோடு ஓர் இழையும் விலகவில்லை.

அந்த நாவலை மச்சான் தொடவே இல்லை. தொடாமல் இத்தனை வருடம் கட்டிலுக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் மாப்ள, பாதியிலேயே நிறுத்திட்டே? கால் வலியா?"

"ஆமா மச்சான். கால்தான்."

கூட்டம் கலைய நேரமாயிற்று. அன்று ஏழெட்டுப் பேர் வெட்கப்பட்டுப் புத்தகம் வாங்கினார்கள்; சுற்றி வருகிறவளும் சுற்றாமல் வாங்கினாள். மச்சான் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கடைக்காரர் அருகே வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"எம்மேல உனக்கு எதுக்குக் காட்டம்னு தெரியல மாப்ள. அப்புறம் சொல்லு. அடுத்த நாவல் எப்ப? முதல் காப்பி எனக்கு."

டிராயருக்குள் மார்பிள் வியாபாரி நெளிந்தான். நல்லவேளை, இவர் படிக்க மாட்டார் என்று கடைக்காரருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலே அவமானமாகவும் இருந்தது.

கதவைப் பாதி இழுத்துவிட்டு மகள் உள்ளே போனாள். மனைவி கடைசி விமர்சன நூலை அலமாரியில் நிறுத்திக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பழைய பேப்பர் சாக்குல நான் வீசினேனே ஒரு காப்பி... அது என்ன ஆச்சு?"

இந்தத் தடவையும் அவள் ஐஸைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவளோ புத்தகத்தின் முதுகை நேராக்கிவிட்டு, திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நான் எடுத்தேன். நான்தான் படிச்சேன். கடைசி பெஞ்சு நான்தான்."

கடைக்காரரின் கால் பொதியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வலிக்கவில்லை.

"நீயா? என்னையா?"

"ஊர்ல எவன் எழுதினாலும் பிழை திருத்திக் குடுக்கிறவ வீட்டுக்குள்ளேயே இருக்கேன். என்கிட்ட ஒரு பக்கம் காட்டினீங்களா? ஒரு வரி? உங்க நாவலை நான் முதமுதலா எங்க பார்த்தேன் தெரியுமா? குப்பைச் சாக்குல. திருப்பிப் பிடிச்சு அங்கேயே உக்காந்து படிச்சேன். ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. எழுதிட்டேன்."

"அதுக்குன்னு ஊர் சிரிக்கிற மாதிரியா?"

"நீங்க இன்னிக்கு எங்கண்ணனை என்ன பண்ணப் பார்த்தீங்க?"

கடைக்காரர் மச்சான் கொண்டுவந்த களிம்பை எடுத்து, மூடியை இறுக்கித் திருகினார்.

அவள் கல்லா மேஜைக்கு வந்து, கீழ் டிராயரைக் காலால் தட்டினாள்.

"இதையும் காட்டல. பொட்டலத் தாளை எடுக்கப் போனப்ப பார்த்தேன். படிச்சுட்டேன். எழுதிட்டேன். மதிப்புரை ஆசிரியர் பையில இருக்கு."

வழக்கமான புருஷன் இந்த இடத்தில் கத்தியிருப்பான். கடைக்காரரும் கத்தத்தான் மூச்சை இழுத்தார். ஆனால் எழுத்தாளன் முந்திக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் குனிந்து, விழுந்த காலைத் தூக்கி, மறுபடி நாவல்மேல் வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "வில்லன் மட்டும் ஆள் தப்பு."